ஆயிரத்துக்கு நாற்பது குறைவு

மார்கழி பதினொன்று. முக்கூடலில்
ஆற்றைக் காணோம்.
ஆறு இருந்த இடத்தில் வெள்ளையாய் ஏதோ ஒன்று
மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறது.

வேலியில் தூதுவளை.
இலைக்கு மேலே முள், இலைக்குக் கீழே முள்,
தண்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.
சளிக்கு மருந்தென்று வருகிறவளையும்
நிறுத்தி வைத்து
யாரென்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கும்.
கொடுத்தது.
கட்டைவிரலில் ஒன்று, ஆள்காட்டியில் இரண்டு.

எனக்கு விரல்தான் கூலி.
இலையை வெட்டி, தூளை வைத்து,
சுருட்டி, நூலைச் சுற்றி,
கடைசியில் வாயை மடக்குகிற அந்த இடத்தில்
முள் ஏறிய விரல் முரண்டு பிடிக்கிறது.

ஆவுடைச்செல்விக்கு ஐந்து நாளாய் இருமல்.
நெஞ்சுக்குள் யாரோ சுளகில்
கல்லும் அரிசியும் புடைக்கிற சத்தம்.
சுகாதார நிலையத்து நர்ஸ்
மஞ்சளாய் ஒரு மருந்து தந்தாள்.
"வீட்டுல தூசி உண்டுமா?" என்றாள்,
என் மடியைப் பார்த்துக்கொண்டே.

நல்லெண்ணெயில் இலை வதங்க,
மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு
(ஒன்று சொத்தை, கிள்ளி எறிந்தேன்),
புளித்தண்ணீர் நுரை கட்டும் நேரம்
அடுப்பை அணைத்து
ஆசையாய்க் கிண்ணத்தில் ஊற்றினேன்.

ஒரு வாய் குடித்தாள்.
"யம்மா, ரசத்துல பீடி வாசம் வருது."

கழுவாமலா?
சாம்பல் போட்டேன், சீயக்காய் போட்டேன்,
எலுமிச்சைத் தோலால் நகக்கண் வரைக்கும் தேய்த்தேன்.
பதினேழு வருஷத் தூள்
ரேகைக்குள் குடியேறிக் கிடக்கிறது.
கைரேகை பார்க்க வருகிறவன்
என் ஆயுளைச் சொல்லுமுன்
தும்மிவிடுவான்.

மறுநாள் காலை
ஓட்டை வாளியில் தழைத்த கற்பூரவல்லியை
அவளே கிள்ளினாள்.
சுக்கையும் அவளே தட்டினாள்,
கருப்பட்டி பாதி வாய்க்கு, பாதி சட்டிக்கு.
நான் தள்ளி உட்கார்ந்து
கொதி வந்ததும் இறக்கு என்று மட்டும் சொன்னேன்.
இறக்கிவிட்டு வந்தவள்
உள்ளங்கையை என் மூக்கில் வைத்து
"பாரு" என்றாள்.
பார்த்தேன். பச்சையாய் இருந்தது வாசம்.
கொஞ்சம் பொறாமையாகவும்.

அன்று சாயங்காலம் கடையில்
கணக்கப்பிள்ளை தங்கப்பழம்
நாற்பதைத் தனியே ஒதுக்கினார்.
"வாயி மடங்கலயேளா, இது பீடியா, பூச்சிக்கூடா?"
கேட்டு முடிக்குமுன் இருமல் பிடித்துக்கொண்டது.
தராசு ஆடியது. நூல் உருண்டை உருண்டு ஓடியது.
கண்ணில் நீரோடு நிமிர்ந்தவர்
என் பையைக் காட்டி
"அது என்னது, தூதுவளையா?" என்றார்.

பாதியைக் கொடுத்தேன்.
நாற்பது நாற்பதாகவே நின்றது.

அடுத்த நாள் போனால்
ஆள்காட்டி விரலில் துணி சுற்றி
கோணல் கோணலாய்க் கணக்கு எழுதுகிறார்.
என் கட்டை எடுத்தார், வாயைப் பார்த்தார்,
தன் விரலைப் பார்த்தார்.
பன்னிரண்டுதான் கழித்தார்.
முள்ளுக்கும் ஒரு மருந்துக் குணம் உண்டு போல.

ராத்திரி விளக்கடியில்
மிச்ச இலையைச் சுருட்டுகிறேன்.
பாயில் அவள் புரண்டு படுக்கிறாள்.
கடிகாரம் ஓடாத வீட்டில்
எனக்குக் கட்டுதான் கணக்கு,
இருபத்தைந்து பீடி ஒரு கட்டு.
திங்கட்கிழமை கட்டுக்கு ஏழு இருமல்.
நேற்று ஐந்து.
இன்று மூன்று,
அதில் ஒன்று என்னுடையது.